பழையது யாருக்கு, கஞ்சி யாருக்கு?

(முக்கொம்பில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த முக்கொம்பு அணைக்கரையிலிருந்து கிழக்கே, கரூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து அங்கே எழுந்தருளுகிறார். அக்கார அடிசிலும் புளியோதரையும் கண்ட பெருமாளுக்கு அந்த ஊரில் விசேஷம் பழைய சோறும் மாவடுவும். கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஒரு பாட்டி; அவளுக்கு ரங்கன் என்று ஒரு பேரன். சவரம் செய்துகொள்ள ஆற்றங்கரைக்குப் போனவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பாட்டி வீட்டில் பழையதை எடுத்து வைத்துக்கொண்டு, "ரங்கா, ரங்கா" என்று வாசலைப் பார்த்துத் தவிக்கிறாள். அந்தக் குரலுக்குப் பெருமாளே பேரன் உருவில் வந்து உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டார் என்பார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு உள்ளே இன்னொரு கதை சொல்வார்கள். ராமானுஜர் காலம். ஒருநாள் பெருமாளின் திருமேனி வாடியிருப்பதை அவர் கண்டுகொள்கிறார். விசாரித்தால், நாவல் பழமும் தயிர்சாதமும் சேர்த்து நிவேதனம் ஆகியிருக்கிறது. உடனே கருடவாகன பண்டிதர் என்ற வைத்தியரிடம் கஷாயம் தயாரிக்கச் சொல்கிறார். தன்வந்திரி சந்நிதியோடு சேர்த்து இந்தக் கதை சொல்லப்படுகிறது. பெருமாளுக்கு இரவில் கஷாயம் சமர்ப்பிக்கும் வழக்கம் அந்தக் கோயிலில் உண்டு.

கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் மாரியம்மனே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி விரதம். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், கரும்பு, பானகம், இளநீர், அவ்வளவுதான். வெயில் ஏறுகிற, அம்மை காண்கிற பருவம் அது.

இவற்றை நான் பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. என்னைப் போல மருத்துவமனை உணவுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று சட்டென்று தெரியும். ஓடியாடித் திரியும் பேரனுக்குப் பழையது. உடம்பு சரியில்லாதபோது தயிர் நிற்கிறது, கஷாயம் வருகிறது. அம்மை காணும் கோடையில், தயிரைக் கடைந்து நீர் பெருக்கிய மோர் வருகிறது. உடம்பின் நிலை மாறினால் கிண்ணத்தில் உள்ளதும் மாற வேண்டும் என்று இந்த ஆற்றங்கரை மக்கள் தங்கள் தெய்வங்களை வைத்தே பழகியிருக்கிறார்கள். இன்று அந்தப் பழக்கம் தலைகீழாகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு நல்லது என்று தெரிந்த ஒன்றை, நோயாளிக்கு மருந்து என்று சொல்லிக் கொடுக்கிறோம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் இப்போது கொம்புச்சா என்ற பானம் புட்டி புட்டியாக இருக்கிறது. ஆரோவில் பக்கம் போய் வந்தவர்கள் முன்பே குடித்துப் பார்த்திருப்பார்கள். சர்க்கரை போட்ட தேயிலை வடிநீரில், வழவழப்பான தடித்த ஆடை ஒன்றை மிதக்க விடுகிறார்கள். தேயிலைக் காளான் என்று சிலர் சொல்கிறார்கள். அது காளான் இல்லை. ஈஸ்டும் அசிட்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் படலம். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காடியாக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் புளிப்பும் இனிப்பும் நுரையுமாக ஒரு பானம் கிடைக்கும். ருசியானதுதான். நல்ல உடம்போடு இருக்கிற ஒருவர் எப்போதாவது ஒரு தம்ளர் குடிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆனால் என்னிடம் வந்தவர்கள் ருசிக்காகக் கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா என்று கேட்டார்கள். கட்டி கரையுமா என்று கேட்டார்கள். கீமோ சிகிச்சையில் இருக்கும் மனைவிக்கு வீட்டிலேயே போட்டுக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அன்பினால் கேட்கிற கேள்வி அது. கோபப்பட்டு விரட்டுவதில் பயனில்லை; உட்கார வைத்து, தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

தெரிந்தது எவ்வளவு? சர்க்கரை நோய்க்குக் கொம்புச்சா என்று செய்தி வருவதற்கு அடிப்படையாக ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்டது. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு நான்கு வாரம், தினம் 240 மில்லி. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 164இலிருந்து 116க்கு இறங்கியது. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 12 பேர். அந்த ஆய்வாளர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். 12 பேரை வைத்து மேலும் ஆராய வேண்டும் என்று முடிவெடுக்கலாம். ஒருவரின் மாத்திரையை நிறுத்த முடியாது. தவிர, கடைப் புட்டியில் புளித்த பிறகும் சர்க்கரை மிச்சம் இருக்கும். எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சர்க்கரை நோயாளி முதலில் படிக்க வேண்டியது புட்டியின் முன்பக்க வாசகத்தை அல்ல, பின்பக்க அட்டவணையை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வீட்டில் போட்ட கொம்புச்சாவைத் தினமும் குடித்துவந்த இரண்டு பெண்கள், ரத்தத்தில் அமிலம் கடுமையாக ஏறி மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். கொம்புச்சாதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அதை எச்சரிக்கையாகவே பதிவு செய்தது. லாஸ் ஏஞ்சலிஸில் எச்.ஐ.வி. தொற்று புதிதாகக் கண்டறியப்பட்ட ஓர் இளைஞர், கொம்புச்சா குடித்த ஒரு நாளுக்குள் கடுங்காய்ச்சலும் ரத்த அமிலமும் சிறுநீரகச் செயலிழப்புமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது 2009இல் மருத்துவ இதழில் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பதிக்கு ஈய நச்சு ஏறியது. தேடிப் பார்த்தால், மெருகு பூசிய பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டு மாதக்கணக்கில் குடித்திருக்கிறார்கள். புளிப்பு, மெருகிலிருந்த ஈயத்தை அரித்து இறக்கியிருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தி நம் பாட்டிமார்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, தயிர் தோய்க்கக் கூடாது, களிம்பு ஏறும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளீயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். அந்தக் கூட்டத்தில் பிறந்த நாம்தான் இன்று, அலங்காரத்துக்கு வாங்கிய வண்ணப் பீங்கான் ஜாடியில் இரண்டு வாரம் காடி ஊற வைக்கிறோம்.

இப்போது ஆரோக்கியமானவர்கள் பக்கம் வருவோம். அங்கே நல்ல செய்தி உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 36 பேரை இரண்டு குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவு; இன்னொரு குழுவுக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா போன்ற புளித்த உணவு. பத்து வாரம். புளித்த உணவு உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. மிக நல்ல ஆய்வு. புளித்த உணவைப் பற்றி நம் வீடுகளில் இருந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்க்கிற ஆய்வு. ஆனால் அந்த 36 பேரில் நோயாளி என்று யாரும் இல்லை. இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் செய்தி நம் கைபேசிக்கு வருகிறது.

நோயாளி, நோயாளி இல்லாதவர் என்ற பிரிவினை அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது நம் நாட்டில், ஒடிசாவின் கிராமங்களில் நடந்தது. பிறந்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோவது அங்கே பெரிய துயரம். டாக்டர் பினாகி பாணிக்ராஹி தலைமையில், 4,556 பச்சிளங்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவை அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். ஊறுகாயிலும் புளித்த காய்கறியிலும் வாழ்கிற இனம் அது. கொடுக்காத குழந்தைகளில் ரத்தக் கிருமித் தொற்றோ மரணமோ நேர்ந்தது 9 சதவீதம். கொடுத்த குழந்தைகளில் 5.4 சதவீதம். 2017இல் நேச்சர் இதழில் வந்தது. சில ரூபாய்ச் செலவில் எத்தனை தாய்மார்களின் அழுகை நின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இரண்டாவது நெதர்லாந்தில். கணையம் கடுமையாக வீங்கி உயிருக்குப் போராடும் நோயாளிகள் 296 பேர். அவர்களில் 152 பேருக்குப் பல வகை நல்ல பாக்டீரியாக்களின் கலவையைக் குழாய் வழியே குடலுக்குள் செலுத்தினார்கள். 144 பேருக்குப் பாக்டீரியா இல்லாத வெறும் கலவை. நல்ல எண்ணத்தில், முறையாக, 15 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு. முடிவு 2008இல் லான்செட் இதழில் வந்தது. வெறும் கலவை பெற்றவர்களில் இறந்தவர்கள் 9 பேர். நல்ல பாக்டீரியா பெற்றவர்களில் இறந்தவர்கள் 24 பேர். நல்ல பாக்டீரியா பெற்ற குழுவில் ஒன்பது பேருக்குக் குடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாமல் போயிருந்தது.

ஒடிசாக் குழந்தைகள் நோய் வருமுன் அதைப் பெற்றார்கள். எடை குறையாத, தாய்ப்பால் குடிக்கிற, ஆரோக்கியமான குழந்தைகள். எந்த இனம், எத்தனை கோடி உயிர், எத்தனை நாள் என்பதெல்லாம் அளந்து கொடுக்கப்பட்டது. நெதர்லாந்தில் பெற்றவர்களுக்கு நோய் முற்றியிருந்தது. நம் குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். 2018 ஆகஸ்டில் இதே முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வயலுக்கு உயிர் கொடுக்கிற அதே தண்ணீர், மதகு போனதும் கட்டுக்கு அடங்காமல் ஓடியது. கடும் நோயில் குடல் சுவரின் நிலையும் அதுதான். சுவர் உறுதியாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் பாக்டீரியா நமக்கு நண்பன். சுவர் இளகிவிட்டால் ரத்தத்துக்குள் நுழைகிற அந்நியன். தயிர் பாக்டீரியாவும் ஈஸ்டும்கூட ரத்தத்தில் பரவிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் கழுத்திலோ மார்பிலோ ஊசிக்குழாய் வைத்திருந்தவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களுக்கு.

சரி, கொம்புச்சா வேண்டாம், நம் பழைய சோறு போதும் என்கிறீர்களா? பழைய சோற்றையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் நேர்மை. நம்முடையது என்பதற்காகச் சலுகை கொடுக்கக் கூடாது.

ஒரு கணக்கு எல்லோர் கைபேசியிலும் சுற்றுகிறது. நூறு கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து. பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் அது 73.9 மில்லிகிராம் ஆகிவிடும் என்று. அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி அனுப்புகிறார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியாவால் வைட்டமின் செய்ய முடியும், அமிலம் செய்ய முடியும்; இரும்பைச் செய்ய முடியாது. சோற்றிலும் தண்ணீரிலும் பானையிலும் எவ்வளவு இரும்பு இருந்ததோ அவ்வளவுதான் மறுநாள் காலையிலும் இருக்கும். உண்மையில் நடப்பது வேறு, அதுவும் அருமையான விஷயம்தான். தானியத்தில் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். புளிக்கும்போது அந்தப் பிடி தளரும். இருந்த இரும்பில் கூடுதல் பங்கு உடம்பில் சேரும். ஆனால் ரத்தசோகைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையைப் பழைய சோறு இருக்கிறதே என்று ஒரு கர்ப்பிணிப் பெண் தூக்கிப் போட்டால், அந்த 73.9 என்ற எண்ணைப் பரப்பிய எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. வைட்டமின் பி12 கதையும் இதுதான். அதைச் செய்கிற பாக்டீரியா இனங்கள் வேறு. சோற்றுப் பானையில் அவை போதிய அளவில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடும் சைவ உணவுக்காரர்கள் பி12 அளவைச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

இதையெல்லாம் சொல்வது பழையதைத் தாழ்த்துவதற்கு இல்லை. அதன் உண்மையான வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிவிடும். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே நம் சொந்த பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுவே முக்கியமான ஆகாரம். உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் திருப்பி இழுக்கவும் அது உதவுகிறது. நாம் பானையில் புளித்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். குடலுக்குள் நடக்கிற புளிப்பு அதைவிடப் பெரிது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் இதை நோயாளிகளிடமே சோதித்தார்கள். காலரா கண்ட 48 பேர். வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல் ஒரு குழுவுக்கு. அரிசி மாவு சேர்த்த கரைசல் ஒரு குழுவுக்கு. சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்த கரைசல் இன்னொரு குழுவுக்கு. செரிக்காத மாவுச்சத்து பெற்றவர்களுக்குப் பேதியில் வெளியேறிய அளவும் குறைந்தது, பேதி நின்ற நேரமும் முந்தியது. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது. கவனியுங்கள்: அவர்கள் கொடுத்தது அளந்த உப்போடு, அளந்த மாவு. உயிருள்ள பாக்டீரியா எதையும் ஊற்றவில்லை. நோயாளியின் குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவுக்கு உணவு கொடுத்தார்கள். பேதியாகிறவனுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொடுத்த வீடுகளை நினைத்துக்கொண்டால், அந்த வீடுகள் எவ்வளவு சரியாக நடந்திருக்கின்றன என்று தெரியும்.

குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜெஸ்வந்த் தலைமையிலான இரைப்பை-குடல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு ஆய்வில் இறங்கியது. மாநில அரசு அதற்கு நிதி ஒதுக்கியது. மனதார வரவேற்கிறேன். மருத்துவர் கண்காணிப்பில், சுத்தமான முறையில் தயாரித்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துச் செய்கிற காரியம் அது. இதேபோல் நம் கம்பங்கூழையும் கேழ்வரகுக் கூழையும் ஆராய வேண்டும். திருச்சியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேளாண் கல்லூரி இருக்கிறது, வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் ஊரில் அந்தக் கூழைப் பற்றி நாமே ஆராயாமல், வெளிநாட்டார் கொம்புச்சாவை ஆராய்ந்ததை மட்டும் படித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழையதைப் பக்குவமாகச் செய்யும் முறையிலும் ஒரு அறிவு இருந்தது. சோறு மிஞ்சினால் மாலைவரை அப்படியே விட்டுவைத்துவிட்டு ராத்திரி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், ஆறியதுமே ஊற்றிவிடுவார்கள். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் வேகும்போதும் சாகாமல் இருக்கும். ஈரச் சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்து நச்சு கக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தண்ணீர் ஊற்றிச் சீக்கிரம் புளிப்பேறினால் அதற்கு இடம் கிடைக்காது. ஊற்றுகிற தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. நல்ல உடம்பு கொஞ்சம் அசுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாத உடம்புக்குத்தான் நம் வீடுகளில் பழையதை நிறுத்திவிட்டு, நொய்க்கஞ்சியைச் சுடச்சுட வைத்தார்கள்.

இட்லியையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். ஜுரம் விட்டவனுக்கு முதல் ஆகாரம் இட்லி என்று எந்த மருத்துவரும் சொல்வார். புளித்த மாவுதான் அது. பாக்டீரியா இரவெல்லாம் வேலை செய்து உளுந்தையும் அரிசியையும் பாதி செரித்து வைத்திருக்கிறது. பிறகு ஆவியில் அந்தப் பாக்டீரியாக்கள் செத்துப்போகின்றன. புளிப்பின் பலன் பெரும்பாலும் கிடைக்கிறது, புளிக்க வைத்த பாக்டீரியா உயிரோடு உள்ளே போவதில்லை. நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான புளித்த உணவை உலகத்தில் யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பிரமாதமான விளம்பரம் இல்லை என்பது மட்டும்தான் குறை.

நோய்வாரியாகக் கேட்பீர்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்குக்கு முதலில் ஓ.ஆர்.எஸ்.; கூடவே உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர். கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயிர், மோர் சாப்பிடலாம். ஆனால் சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்சிசைக்ளின் போன்றவற்றைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து விழுங்கினால் சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களுக்கு, நாட்பட்ட பாலாடைக்கட்டியும் சூரை போன்ற சில மீன்களும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலி வரவழைக்கக்கூடும். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் கொம்புச்சா பக்கமே போகக் கூடாது. அதிலுள்ள கொஞ்சம் ஆல்கஹாலே அவர்களுக்கு அபாயம். வீட்டில் போட்டதில் அது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தக்கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு மாவடுவும் ஊறுகாயும் புளித்த உணவு என்ற பெயரில் வருகிற உப்புதான். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு, உயிருள்ள பாக்டீரியாவும் ஈஸ்டும் கொண்ட எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். இட்லி கொடுங்கள், இடியாப்பம் கொடுங்கள், சூடான கஞ்சி கொடுங்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலில் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கருடவாகன பட்டர் என்ற பிற்கால வைத்தியர், சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. அந்த ஆரோக்கியசாலை அதற்கும் முன்னால், ஹொய்சளர் காலத்தில் ஏற்பட்டது. மண்பானையில் தளிகை செய்து ஊருக்கே பிரசாதம் கொடுத்த மடைப்பள்ளி உள்ள கோயில் அது. அப்படிப்பட்ட மடைப்பள்ளி இருந்தும், நோய்க்கு வைத்தியரை வைத்து, அவருக்குத் தனி இடமும் மானியமும் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டின் பெருமை தெரிந்தவர்கள்தான் அவர்கள். சாப்பாடு எங்கே நிற்கும், மருந்து எங்கே தொடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் ஏற்கெனவே கொம்புச்சா ஜாடி வைத்திருக்கிறவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். பேசத் தொடங்குமுன்பே இரண்டு பேர் வந்து சொன்னார்கள். கண்ணாடி ஜாடியில் மட்டும் போடுங்கள். ஆடையின் மேல் பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சணம் கண்டால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் குடிக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், ஈரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். மறைத்தால் அவருக்கு உங்கள் ரத்தப் பரிசோதனை புரியாமல் போகும்.

மருந்துச்சீட்டு கொண்டுவந்திருப்பவர்கள் இருங்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.